லாரி ஓட்டிய படம்

பழைய படங்களையும் பழைய தொடர்களையும் மட்டுமே காட்டும் அந்தத் தொலைக்காட்சியில், எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டவணை அக்கா' என்றே பெயர். திரை ஒரு நொடிகூட வெறிச்சென்று கிடக்கக் கூடாது என்பதே பிழைப்பாகிப் போனதில், அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. வீட்டில் தட்டைக் கையில் பிடித்து நடந்தபடியேதான் சாப்பிடுவாள். "காலுக்கடியில சக்கரமா கட்டியிருக்கு?" என்பார் கணவர்.

அன்று காலை அவள் பையைக்கூட மேசையில் வைக்கவில்லை, மேலாளர் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"கண்ணீர் ராணி போயிட்டாங்களாம்! எல்லார் போன்லயும் அதான் பேச்சு. மத்தவங்க முந்திக்கறதுக்குள்ள மதியத்துக்கு அஞ்சலின்னு அவங்க படத்தைப் போட்டுடு."

கண்ணீர் ராணி அந்தக் காலத்தில் அம்மா வேடத்தில் அழுதே பெயர் வாங்கியவர். திரையில் அவர் விசும்பினால் கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்தும்.

"யார் சார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"ஊர் சொல்லுதுன்னு ஒரு மனுஷிய சாகடிச்சிட முடியுமா? வீட்ல கேட்டுக்கறேன்."

"கேளு. சீக்கிரம் கேளு."

நடிகையின் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாழ்வாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். எடுத்ததும் என்னவென்று கேட்பது? யோசித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். வாய் தானாக, "அம்மா இருக்காங்களா?" என்றது.

"இருக்கேன், இருக்கேன். காலைலேர்ந்து எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க."

அந்தக் குரலேதான். தட்டுத்தடுமாறி, தான் யார் என்று சொன்னாள்.

"ஓ, நீங்களா! நான் செத்தா எந்தப் படத்தைப் போடுவீங்க? பிள்ளையப் பறிகொடுத்துட்டு அழுவேனே, அதானே?"

"அதுதான்மா... எல்லாருக்கும் பிடிச்சது."

"எனக்குப் பிடிக்கலம்மா. நான் லாரி ஓட்டின படம் ஒண்ணு இருக்கு. அழவே மாட்டேன். வில்லனையே துரத்தி அடிப்பேன். லாரி நல்லா ஓடுச்சு, படம்தான் ஓடல. அதைப் போடேன். நானும் பாத்துக்கறேன்."

அவள் மேலாளரிடம் போய் நின்றாள். நடிகை உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் மேலாளருக்கு நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி.

"ஓடாத படத்தை யாரு பாப்பாங்க?"

"அவங்க பாப்பாங்க சார்."

"என்னமோ பண்ணு. பேச்சு வந்தா உன் தலைதான்."

மதியம் படம் தொடங்கியது. லாரியின் கதவை விரியத் திறந்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணீர் ராணி ஏறிய விதத்தில் கணக்குப் பிரிவுப் பெண்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவளுக்கும் மனது கொஞ்சம் அடங்கியது. அடங்கி மூச்சு விடுவதற்குள் வரவேற்பறைப் பெண் பதறிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, போன் ஓயவே மாட்டேங்குது. எல்லாரும் அழறாங்க. 'படத்தையே போட்டுட்டீங்களே, அப்ப நிஜம்தானே'ங்கறாங்க."

அவள் ஓடிப்போய், 'அவர் நலமாக இருக்கிறார்' என்று திரையின் அடியில் எழுத்தை ஓடவிட்டாள். அதற்கும் போன் வந்தது: "நலமா இருக்காங்கன்னு போடறீங்கன்னா, ரொம்ப முடியாம இருக்காங்களா?"

மேலாளர் தலையில் கை வைத்தார். அவள் கீழே இறங்கி, கிடைத்த வண்டியில் ஏறி நடிகையின் வீட்டுக்கு விரைந்தாள். வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

வாசலில் பூவும் கையுமாகக் கூட்டம். முண்டியடித்து உள்ளே போனால், நடிகையம்மா நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெரியவர், முகமெல்லாம் அழுது வீங்கி, நின்றபடியே கத்திக்கொண்டிருந்தார்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சு நெஞ்சு வெடிச்சு ஓடி வந்தா, இங்க ஜாலியா படம் பாத்துட்டிருக்கே!"

"என் தம்பி," என்றார் நடிகையம்மா அவளிடம். "எங்களுக்குள்ள பேச்சு நின்னு வருஷக்கணக்காகுது. நீ படம் போட்டே, வந்து நிக்கறான். டேய், மறைக்காதே, உக்காரு. சண்டைக் காட்சி வருது."

"மன்னிச்சுடுங்கம்மா, நான் இப்படி ஆகும்னு..."

"நீயும் உக்காரும்மா."

தம்பி நாற்காலி விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். லாரி வில்லனைத் துரத்தியது. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வில்லன் சேற்றில் குப்புற விழுந்ததும் தன்னை மறந்து சிரித்துவிட்டார். சிரித்ததற்காக அக்காவை முறைத்தார்.

படம் முடிந்ததும் எழுந்து கதவு வரை போனார். அங்கேயே நின்று, அக்காவைப் பார்க்காமல் அவளைக் கேட்டார்:

"நாளைக்கு மதியம் என்ன படம்மா?"

"உன் வீட்ல டிவி இல்லியா?" என்றார் நடிகையம்மா.

"ரிப்பேரு."

நாளைக்கு யாருடைய படமோ போட்டிருந்தாள். பெயர்கூடச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

"இவங்க படம்தான் சார்," என்றாள். "வந்துடுங்க."

வாசலைத் தாண்டுவதற்குள் மேலாளருக்குப் போன் போட்டாள்.