ஐம்பது தாண்டியவை வெளியே போகாது

என் உடையைப் பார்த்து, நாடகத்துக்கா கிளம்பிவிட்டாய் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கேட்டுக்கொள்ளட்டும். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவளுக்குப் பழைய காலத்து உடைதான் சரி என்பது என் கட்சி. கழுத்து வரை பொத்தான் வைத்த சட்டை, கணுக்காலைத் தொடும் மடிப்பு ஸ்கர்ட், நடந்தால் சத்தம் வராத ஷூ, பூனைக்கண் ஃப்ரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. வளையல் கிடையாது; பழைய காகிதத்தில் மாட்டினால் கிழித்துவிடும். சென்ட் கிடையாது. பேனா கிடையாது, பென்சில் மட்டும். அந்தக் காலத்தில் இந்த வேலை பார்த்தவர்கள் வசதிக்காக உடுத்தினார்கள். எனக்கு அதோடு அழகும் சேர்ந்து கிடைக்கிறது, அவ்வளவுதான்.

"நான் வேண்டாம்னு தூக்கிப் போட்டதயெல்லாம் நீ தேடித் தேடிப் போடுற," என்பார் என் மாமியார்.

தூக்கிப் போடாத ஒன்றும் அவரிடம் இருந்தது. பீரோவில் ஒரு கோட்டு. தவிட்டு நிறக் கம்பளி, அகலமான காலர், இடுப்பில் பெல்ட், பிஸ்கட் அளவுக்குப் பொத்தான்கள். கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது போட்டதாம். ஒருமுறை அதைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"இன்னொரு தடவ என் பீரோல கை வெச்சே, நான் என் மக வீட்டுக்குக் கிளம்பிருவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. துணிமணி அடுக்கிய பை ஒன்று கட்டிலுக்கு அடியில் எப்போதும் தயாராக இருக்கும். அவர் போய்விட்டால் என் பாடு திண்டாட்டம். சமையலை விடுங்கள், சண்டை போட ஆள் வேண்டாமா? என் கணவரோடு சண்டை போடுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. உண்மையைச் சொன்னால், அத்தையை எனக்குப் பிடிக்கும். அவரிடம் அதைச் சொன்னதில்லை.

ஆனாலும் புத்தி கேட்கவில்லை. அத்தை பல் டாக்டரிடம் போன காலையில் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அவர் கண்ணில் படாமல் மாலையில் திரும்ப மாட்டிவிடலாம் என்று கணக்கு.

ஆவணங்களைப் பூட்டிவைக்கும் எங்கள் ஸ்ட்ராங் ரூம் காகிதங்களுக்காகக் குளிரூட்டப்பட்டது. மனிதர்கள் அங்கே விறைத்துப்போவார்கள். அன்று நான் மட்டும் கோட்டுக்குள் ராணி மாதிரி வேலை பார்த்தேன். வெளியே வரும்போது வாசல் காவலர் கை நீட்டி மறித்தார்.

"மேடம், இந்தக் கோட்டுக்கு எத்தன வயசு இருக்கும்?"

"ஐம்பது தாண்டியிருக்கும். ஏன், நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வெளிய போகாது."

சுவரைக் காட்டினார். 'ஐம்பது வயதைத் தாண்டிய எதுவும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது.' ஒரு ஆள் பழைய வரைபடத்தைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போன கோபத்தில் எழுதிய விதி. எழுதியவள் நான். 'எதுவும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தவளும் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். காபி குடிக்கும்போதுகூடக் கையுறையைக் கழற்ற மாட்டார். அதனால் எங்களுக்கு அவர் 'கையுறை'.

"இது ஆவணம் இல்ல சார், கோட்டு!" என்று கத்தினேன்.

"எல்லா ஆவணமும் முதல்ல வேற ஏதோவாத்தான் இருந்திருக்கு," என்றார் கையுறை, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

கோட்டின் கைகளுக்குள் மெல்லிய தாளை அடைத்து, நீளமான பெட்டியில் படுக்கவைத்து, நூலில் எண் கட்டிவிட்டார்கள். திரும்பத் தர வேண்டுமென்றால் சொந்தக்காரர் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும். அந்த விதியும் என் கைங்கரியம்தான்.

வேறு வழியில்லாமல் போன் செய்தேன். "அத்தை, உங்க கோட்டு..." என்று ஆரம்பிப்பதற்குள், "வர்றேன்," என்று வைத்துவிட்டார்.

வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது, கையில் அந்தப் பை. மகள் வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பாமல் நேராக உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"இடது பாக்கெட்டுல ஓட்டை இருக்கும். அது வழியா விரல விட்டா லைனிங்குக்குள்ள ஒரு ஹேர்பின் கிடக்கும்."

கையுறை விரலை விட்டார். ஹேர்பின் வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அதற்கும் ஒரு எண் கட்டினார்.

கோட்டைத் தருவதாக ஒப்புக்கொண்டு, வெளியே எடுத்துப்போக ஒரு அனுமதிச் சீட்டும் கொடுத்தார்கள். அப்பாடா என்று வாசலுக்கு வந்தால், காவலர் மறுபடியும் கையை நீட்டினார்.

"அம்மாவுக்கு வயசு?"

"எழுபத்தொண்ணு," என்றார் அத்தை, வீங்கிய கன்னத்தோடு.

காவலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதுவும்னு எழுதியிருக்கு மேடம். ரெண்டு கோடு வேற."

"இவங்க என் மாமியார்ங்க!"

"மாமியார் தவிரன்னு நீங்க எழுதலயே."

விதியைத் திருத்துங்கள் என்று கையுறையிடம் சண்டைக்குப் போனேன். "திருத்தணும்னா கமிட்டி கூடணும். கூட வேண்டிய இடம் இதுக்குள்ளதான். அவங்க எல்லாருக்கும் ஐம்பது தாண்டியாச்சு, அதனால யாரும் உள்ள வர மாட்டேங்கறாங்க. எனக்கே நாப்பத்தொன்பது, பயந்துகிட்டு இருக்கேன்," என்றவர், அத்தையைச் சுற்றி மெதுவாக நடந்தார். "ஓரங்கள்ல லேசான தேய்மானம். முட்டியில பழுது பார்த்திருக்காங்க. கன்னத்துல புது வீக்கம். மத்தபடி மூல நிலை. அற்புதம்."

அத்தை அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார் என்று காத்திருந்தேன். ஆனால் யாரோ மெத்தை வைத்த நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கண் கூசுகிறது என்று விளக்கைத் தணித்தார்கள். கையுறை அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டார்: "எக்ஸ்சேஞ்சுல நீங்க எந்த வரிசைல உக்காருவீங்கம்மா?"

அத்தை கையில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

"மூணாவது. ஜன்னலோரம்."

பிறகு நிற்கவில்லை. அங்கேயும் குளிர் என்பதால் கோட்டோடு உட்கார்ந்தது, முன்னால் கட்டினால் வயர்கள் சிக்கும் என்று பெல்ட்டைப் பின்னால் முடிச்சுப் போட்டது, தலையை இறுக்கிய ஹெட்போனுக்காகக் கொண்டையை மாற்றிப் போட்டது. கையுறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பழைய உடைக்காக ஊரெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். இதை எல்லாம் உடுத்திய மனுஷி என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

"அனுமதிச் சீட்டுல ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்," என்றார் காவலர். "கோட்டா, அம்மாவா?"

"இதென்ன கேள்வி? அத்தையத்தான் கூட்டிட்டுப் போறேன்!"

"கோட்ட எடுத்துட்டுப் போ," என்றார் அத்தை.

"அத்தை, வீட்டுக்குப் போலாம். தப்புதான், இனிமே உங்க பீரோ பக்கமே வர மாட்டேன்."

"கோவமெல்லாம் இல்ல. என்னை நகர்த்தணும்னா ரெண்டு கையாலதான் பிடிக்கணுமாம் இங்க. வீட்ல யாரு எனக்கு ரெண்டு கை குடுத்தீங்க?"

சீட்டில் கோட்டின் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, பயப்பட ஆள் இல்லாத பீரோவைத் திறந்து கோட்டை மாட்டினேன். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்க?"

"காப்பகத்துல. சேர்த்துக்கிட்டாங்க. பார்க்கணும்னா சீட்டு எழுதிக் குடுக்கணும்."

மறுநாள் வாசிப்பறை வரிசையில் எனக்கு முன்னால் என் கணவர் நின்றிருந்தார், தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. முறை வந்ததும் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சாப்டியாம்மா?"

"ம்."

"மாத்திரை போட்டியா?"

"ம்."

அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தொலைந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அத்தை கையுறையிடம் திரும்பி, "அடுத்தவங்கள விடுங்க. இவனுக்கு என்ன கேக்கறதுன்னே தெரியல," என்றார்.

நான் போய் நின்றேன். "வீட்டுக்கு வாங்க அத்தை."

"அது கேள்வி இல்ல."

யோசித்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாத கேள்வியை அவரிடம் அதுவரை நான் கேட்டதே இல்லை.

"நம்ம வீட்ல உங்களுக்கு என்னெல்லாம் கஷ்டமா இருந்துச்சு அத்தை?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காரு," என்றார். உட்கார்ந்தேன். ஒன்று விடாமல், வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே பேசவில்லை. வாசிப்பறை மூடும் மணி அடித்தபோது, அவர் சொல்லிவந்ததில் எங்கள் கல்யாணம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.