வேல மரத்தில் கட்டியிருந்த பிள்ளை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருச்செங்கோட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் உண்ணாமலை, ஓய்வுபெற்ற நர்ஸ். ஒருநாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: “எங்கம்மா என்னெ மரத்துல கட்டிப் போட்டா சாமி. அதனால என்னெப் பிரிச்சுட்டாங்க.” பிரித்தபோது அவருக்கு ஆறு வயது. அவருக்கு ஞாபகம் இருந்தது கொஞ்சம்தான். மீதியை நான் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘1938ஆம் வருஷம், மழை பொய்த்த சேலம் ஜில்லாவில்...’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் பழி வானத்தின் மேல் போய்விடும்.

இரண்டாவது: பெருமாயியின் புருஷன் செங்கோடன் காலராவில் போனான். அவள் மகள் உண்ணாமலையோடு சேலத்துக்கு வந்து, ஊருக்கு வெளியே கல் உடைக்கும் குழியில் ஜல்லி சுமந்தாள். ஒருநாள் வெடி வைத்துவிட்டு எல்லோரும் விலகி ஓட, குழந்தை அம்மாவைத் தேடிக் குழியை நோக்கி ஓடியது. வெடி வைத்த காளியப்பன் பாய்ந்துபோய்த் திரியை மிதித்து அணைத்தார். மறுநாளிலிருந்து பெருமாயி பழைய சேலையைக் கிழித்து, மகளை இடுப்போடு சேர்த்து வேல மரத்தில் கட்டினாள். நிழல் நகர்ந்தால் ஓடிவந்து மாற்றிக் கட்டினாள்.

(நிழல் நான் சேர்த்தது. உண்ணாமலைக்கு வெயில்தான் ஞாபகம்.)

இது இருக்கட்டும்.

3

சௌந்திரம், குழந்தைகளைக் காப்பதற்காக நகரத்துப் பெரியவர்கள் நடத்திய சங்கத்தின் ஊழியர். அவரை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதி, கிழித்துப் போட்டேன். அவர் கண்ணில் பட்டது புண்ணான இடுப்பு, ஈ மொய்த்த முகம். பார்த்துவிட்டு யார்தான் சும்மா போவார்கள்? போலீஸோடு வந்து குழந்தையைத் தூக்கிப் போனார்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்: “கட்டிப் போட்டது யார்?”

“நாந்தானுங்க சாமி.”

“பெற்ற பிள்ளையை மாடு மாதிரி கட்டலாமா?”

“அவுத்து உட்டா வெடியில போயிருவாளுங்க. பகல்ல பாத்துக்க ஒரு ஆளிருந்தா நான் எதுக்குங்க கட்டறேன்?”

மாஜிஸ்திரேட் உத்தரவை எழுதினார்.*

குழந்தை சங்கத்து விடுதிக்குப் போனது.

* ‘பகலில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பொழுது சாய்ந்ததும் அழைத்துப் போ’ என்று சௌந்திரம் சொல்வதாக எழுதிப் பார்த்தேன். சங்கத்தில் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. இருந்தது விடுதி மட்டும்.

4

ஞாயிறுதோறும் பெருமாயி பொரி வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் திரும்பிப் போனதும் குழந்தை அழுது அழுது, சோறு இறங்காமல் காய்ச்சலில் விழுந்தது. தாய் வராமலிருந்தால்தான் பிள்ளை தேறும் என்று சங்கத்தார் பேசிக்கொண்டார்கள்.

“அவளையே சமையலுக்கு வெச்சுக்கலாமுங்களே?” என்றார் சௌந்திரம்.

“ஒரு பிள்ளைக்கு மட்டும் அம்மா கூட இருந்தால் மற்றதெல்லாம் ஏங்காதா?” என்றார் தலைவர்.

அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லாரிடமும் நியாயம் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உண்ணாமலையைக் கோயமுத்தூர் விடுதிக்கு மாற்றினார்கள். தாயிடம் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூடாதென்று உத்தரவு. அடுத்த ஞாயிறு விடுதி கேட்டில் காவல்காரர், “புள்ளெ இங்கெ இல்லெ, போ” என்றார்.

“எங்கெங்க?”

“தெரியாது.” அவருக்கு நிஜமாகவே தெரியாது.

அதற்கப்புறமும் அவள் ஞாயிறு தவறாமல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாளாம். பிறகு ஒரு ஞாயிறு வரவில்லை. நர்ஸாகி வேலைக்குச் சேர்ந்தபின் உண்ணாமலை அம்மாவைத் தேடிப் போனபோது, சௌந்திரம் இதையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். பெருமாயி எங்கே போனாள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: காளியப்பன் எப்படியோ ஊரை விசாரித்துச் சொல்ல, பெருமாயி கோயமுத்தூருக்கு ரயிலேறி...

முடிவு இரண்டு: அவள் வராத ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை குழியில் வெடி...

இரண்டையும் அடித்துவிட்டேன். எழுதியவரை உண்ணாமலைக்குப் படித்துக் காட்டினேன்.

“அந்த விடுதி எனக்குச் சோறு போட்டுச்சு, படிக்க வெச்சுது. அதெ மறைக்காதெ” என்றார்.

இதோ, மறைக்கவில்லை.

அப்புறம் கேட்டார்: “நீ எழுதுனதுல எங்கம்மா அந்தக் கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்கறா சாமி. அவளெச் சித்த நேரம் உக்கார வையேன்.”

‘பெருமாயி உட்கார்ந்தாள்’ என்று எழுதினேன். நிற்கவில்லை அந்த வரி. கேட்டின் கீழ்ப்பாதி தகரம். உட்கார்ந்தால் உள்ளே விளையாடும் பிள்ளைகள் தெரியாது. மாட்டேன் என்கிறாள்.

நீங்களாவது அவளிடம் சொல்லிப் பாருங்கள்.