சும்மா நின்றவன்

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர தியானத்தில் யார் யார் பேசுவது என்ற பட்டியலைப் பாஸ்டர் கோயில் கதவில் ஒட்டியிருந்தார். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். முதலாவது மன்னிப்பின் வார்த்தை. பத்தொன்பது வருஷமாகச் சபை மூப்பர் வீரமணிதான் அதைப் பேசிவந்தார். இந்த வருஷம் அந்த இடத்தில் பூமாலையின் பெயர் எழுதியிருந்தது.

வீரமணி இரண்டு முறை படித்தார். தாம் நினைத்தது சரிதான் என்று பட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எறையூர்ப் பக்கம் தம் வயலில் கரும்பு வெட்டி முடிந்ததும், காய்ந்து கிடந்த கரும்புச் சோகைக்கு அவர்தான் தீ வைத்தார். காற்று திரும்பிவிட்டது. பக்கத்து இளையபெருமாளின் வெட்டாத கரும்பு எரிந்தது. கொட்டகையில் கட்டியிருந்த பசுவும் கன்றும் கருகிப் போயின. மறுநாள் ஊர் கூடியது. கூடக் கரும்பு வெட்டிய பூமாலை முன்னால் வந்து, தான் போட்ட பீடியில் பற்றிக்கொண்டது என்றான். பீடி வாடையே ஆகாதவன் அவன். இளையபெருமாள் செருப்பைக் கழற்றி, எல்லார் முன்னாலும் அடித்தார். அப்புறம் எந்த வயலிலும் அவனை யாரும் இறக்கவில்லை. திருப்பூருக்குப் போய்விட்டான்.

வீரமணி மார்பில் கைகட்டிக்கொண்டு பார்த்து நின்றார். அப்போது அடுத்த வாரம் மகள் பிரவீணாவுக்கு நிச்சயதார்த்தம். தா.பழூர் சம்பந்தி குருநாதன், குடும்பத்தின் பேரைப் பார்த்துப் பெண் எடுப்பவர்.

இந்தத் தை மாதம் பூமாலை திரும்பி வந்து, ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டான். டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தான். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் வீரமணியை உறுத்தியது. பெரிதாகக் கேட்கத்தான் காத்திருக்கிறான் என்று நினைத்தார். யாராவது ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாலும், என்ன காரியமாக என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார் அவர். இப்போது புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருக்கும். சம்பந்தி குடும்பமும் வருகிறது. மைக் அவன் கையில்.

வியாழன் காலை கடைக்கே போய்விட்டார்.

“நாளைக்கு என்ன பேசப்போற?”

“மன்னிப்பைப் பத்தித்தாண்ணே. பாஸ்டர் சொன்னாரு.”

“அன்னைக்கு நீ எதுக்கு ஒத்துக்கிட்ட?”

பூமாலை டியூபைத் தண்ணீரில் அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தான்.

“சும்மாதாண்ணே.”

“சும்மா எவனாவது செருப்படி வாங்குவானா?”

“வருஷா வருஷம் நீங்கதான பிரசங்கத்துல சொல்லுவீங்க” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை வீடு வரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனார். சொன்னவர்தான். நமக்கு வரவேண்டிய தண்டனையைக் கிறிஸ்து தம்மேல் ஏற்றுக்கொண்டார், பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று மேஜையைத் தட்டிச் சொன்னவர்தான். ஆனால் பஞ்சர் கடையில் அதே சொல் மிரட்டல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பூமாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் இங்கே நான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் தீ வரும், பீடி வரும் என்று காத்திருந்தார்.

பூமாலை ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. “ஆணி அடிச்சவன் பேரு நம்ம யாருக்கும் தெரியாது. அவரு சொல்லல. அவன் எடத்துல நின்னாரு, அவனக் காட்டியுங் குடுக்கல” என்றான். வீரமணியின் பக்கம் திரும்பாமலே போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் சொல்லப்போவதில்லை. நாளைக்கும் சொல்லமாட்டான். வீரமணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மற்ற ஆறு வார்த்தைகளும் அவர் காதில் விழவில்லை.

மூன்று மணிக்கு வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். குருநாதன் டம்ளரோடு பக்கத்தில் வந்து, பீடி போட்டு ஊரைக் கொளுத்திய ஆளா இது, நன்றாகத்தான் பேசுகிறான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இருந்தாலும், நீங்க நிக்கிற எடத்துல இந்த மாதிரி ஆள நிறுத்தலாமா சம்பந்தி?”

“அவன் பீடி குடிக்கமாட்டான்.”

“அப்பத் தீ?”

“நான் வச்சது” என்றார் வீரமணி.

குருநாதனின் கை பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்க்காமல் வீரமணி செருப்பை மாட்டிக்கொண்டு, இளையபெருமாள் வீட்டுத் திசையில் நடந்தார். பூமாலை பின்னால் ஓடி வந்தான். இவ்வளவு நாளும் இதற்குத்தான் காத்திருந்தானோ என்று ஒரு கணம் திரும்பி அவன் முகத்தைத் தேடினார். அதில் பதற்றம்தான் இருந்தது.

“வேணாண்ணே. நான் நின்னதே வீணாப் போயிடும்.”

“நீ நின்னதாலதான்டா போறேன்.”

இளையபெருமாளின் வாசலில் வீரமணி செருப்பைக் கழற்றினார். கீழே விடவில்லை, கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.