உறவு உள்ளவர்கள் வெளியே

வாலிபால் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் விசில் அக்கா. நடுவராக நின்ற காலத்தில் பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு தடவை சொந்தத் தங்கையின் டீமுக்கே எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தபோது, வீட்டில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்டவளைத்தான் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்த்திருந்தார்கள். அதுவரை அந்த அறைக்குள் பெண் வாசனையே கிடையாது. வெளி ஆட்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பொறுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்று மேலிடம் காதைத் திருகியதால், பயிற்சி முடித்த முதல் ஆளாக அவள் வந்து உட்கார்ந்தாள்.

குழுவினர் தங்கமான மனிதர்கள்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தலைவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். செயலாளர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அன்றைய பேச்சு உள்ளரங்கத்தைப் பற்றி. சாயங்காலம் பெண்கள் டீம் பயிற்சி செய்யும் நேரத்தை ஆண்கள் டீமுக்குக் கொடுத்துவிட்டு, பெண்களை விடியற்காலைக்குத் தள்ளலாம் என்று யோசனை. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. பாதிப் பெண்கள் நின்றுவிடுவார்கள், அதில் தங்கை மகளும் ஒருத்தி. "உன் கையிலதான்க்கா இருக்கு. கோட்டை விட்டுடாத," என்று தங்கை காலையிலேயே போன் செய்திருந்தாள். பொய்யில்லை. குழு சரிபாதியாகப் பிரிந்து கிடந்தது. அவள் ஓட்டு விழாவிட்டால் தலைவர் சாய்கிற பக்கம்தான் தீர்ப்பு.

ஆனால் பயிற்சியில் சொன்னதை அவள் தலைகீழ்ப் பாடமாக வைத்திருந்தாள். சொந்தக்காரருக்கு லாபமோ நஷ்டமோ உள்ள விஷயம் வந்தால், அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். எழுந்தாள்.

"என் தங்கச்சி பொண்ணு அந்த டீம்ல ஆடறா சார். நான் வெளிய நிக்கறேன்."

"மனசுன்னா இப்படி இருக்கணும்," என்று செயலாளர் உருகிப்போனார். நடிப்பில்லை, மெய்யாகவே உருகினார்.

தாழ்வாரத்தில் போய் நின்றாள். அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? நியாயத்தைக் காட்டுவதற்கு நம் வீட்டுக் குழந்தைதானா கிடைத்தாள் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததால் உள்ளே பேசுவது காதில் விழுந்தது.

"எங்க மாப்பிள்ளைய பாருங்க," செயலாளர் குரல். "ஆபீஸ் முடிஞ்சு அலுத்துப்போய் ஆட வர்றாரு. சாயங்காலத்த விட்டா ஆம்பளப் பசங்களுக்கு வேற ஏது நேரம்?"

மாப்பிள்ளை. அந்த ஒரு சொல் பொட்டில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஹாலைப் பத்திப் பேச வரல சார். விதியைப் பத்திக் கேக்க வந்தேன். மாப்பிள்ளை சொந்தத்துல சேர்த்தியா, இல்லையா?"

செயலாளர் பரிவோடு சிரித்தார். "அது பயிற்சிக்குப் போனவங்களுக்கு உள்ள விதிம்மா. நாங்க அதுக்கெல்லாம் முன்னாடியே வந்தவங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என் தம்பி பையனும் அந்த ஆம்பளைங்க டீம்தான்," என்று எழுந்தார்.

அவர் பின்னாலேயே செயலாளர். "மச்சினன்," என்று முனகிக்கொண்டே பொருளாளர். உள்ளே மிஞ்சியவர்களை வைத்து எந்தத் தீர்மானமும் போட முடியாது, அத்தனை பேர் போதாது. பெண்களின் சாயங்காலம் இப்போதைக்கு அவர்களிடமே தங்கியது.

தாழ்வாரத்தில் எல்லோரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்க அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"மாமன் மச்சான் இல்லாத ஆளுங்களா இன்னும் நாலு பேர் வேணும்மா," என்றார் தலைவர், தாழ்ந்த குரலில். "எங்க போய்த் தேடறது?"

"தேடினா கிடைப்பாங்க சார்," என்றாள். "இத்தனை வருஷமா நாம வீட்டுக்குள்ளயேதானே தேடிட்டிருந்தோம்."