ஒருவகைக் காட்டுப்பூ

1

“பஸ்லேர்ந்து பார்த்தேன்டி. வெள்ளைப் பூவே இல்ல.”

“ஆடு மேஞ்சிருக்கும்.”

“ஆடு கொத்தை மட்டும் கிள்ளிட்டு இலையை விட்டு வைக்குமா? மனுஷக் கைதான். யாருன்னு போய்ப் பாரு.”

இந்தக் கதை இந்தத் தொலைபேசிப் பேச்சிலிருந்து வந்தது. அழைத்தவள் ஜீவிதா, என் பள்ளித்தோழி. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஐயம்பேட்டை சாலையைக் கடப்பவள். சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துச் செடிகள் எல்லாம் கிராவல் மண்ணுக்கு அடியில் போயின. ஐப்பசி மழைக்கு முன் நாங்கள் இருவரும் கூரம் ஏரிக்கரையில் விதை சேர்த்து வந்து தூவினோம்: தும்பை, கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி. மார்கழியில் பூத்தன. அந்த இடம் வரும்வரை ஜீவிதா பஸ்ஸில் தூங்குவதில்லை.

விதை விழுந்தால்தான் அடுத்த வருஷமும் பூக்கும். அதற்குள் யாரோ தும்பையைக் கிள்ளுகிறார்கள்.

2

[முதலில் எழுதிய தொடக்கம்: “பனி உருகிய புல்வெளியில் காட்டுப்பூக்கள்—” வேண்டாம். இங்கே உருகுவது தார்தான்.]

மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்தே வளர்ந்தவள் நான். அவற்றின் சாலையோரங்களில் என்னென்னவோ பூக்கும்.* எதையும் கண்டதில்லை. அதனால் எல்லா நாட்டுச் சாலைகளிலும் தும்பையை முளைக்கவிட்டே படித்தேன். தூரதேசத்து நாயகிகளும் எங்களைப் போலவே பள்ளிக்குப் போகும் வழியில் தும்பைப்பூவை உருவி, அடியில் இருக்கும் துளித் தேனை உறிஞ்சினார்கள். “என்னுதுல தேனே இல்லடி” என்று என் பூவைப் பிடுங்கும் ஜீவிதா மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

* அடிக்குறிப்பில் ‘ஒருவகைக் காட்டுப்பூ’ என்று இருக்கும். அவ்வளவுதான்.

3

பறிப்பவரை வில்லியாக்கத்தான் நினைத்திருந்தேன். விடியலில் போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் கூடையும் காதை மூடிய துண்டுமாக ஒரு அம்மா. பெயர் ரேணுகாம்பாள்.

“நீங்க போட்ட விதையா? சாமியே முளைக்க வெச்சுதுன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்!”

அவர் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஏதோ சிக்கல், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். குழந்தை பிறக்கும்வரை சிவனுக்குத் தினமும் தும்பை மாலை என்று வேண்டுதல்.

“பூவை மட்டும் உருவினா விதை செடியிலேயே தங்கும்க்கா.”

“ஒண்ணொண்ணா கோக்க கண்ணு தெரியணுமேம்மா. கொத்தா கிள்ளிதான் கட்டறேன்.”

வில்லி போய்விட்டாள். கதை நின்றுவிட்டது.

4

முடிவு அ: மூவரும் உட்கார்ந்து பூப்பூவாகக் கோக்கிறோம். (ஜீவிதாவிடம் சொன்னேன். “எனக்கு ஷிப்ட் இருக்குதுடி. நீயும் உன் நாவலும் கோத்துக்கோங்க.”)

முடிவு ஆ: வேலி, ‘பறிக்காதீர்’ என்று ஒரு பலகை. சாமிக்குப் போகும் பூவுக்கு, அதுவும் இந்தக் கோயில் ஊரில்! எழுதும்போதே எனக்கு வெட்கமாக—

முடிவு இ: இதை எழுத முடியவில்லை. அதனால் மறுபடியும் சாலைக்குப் போனேன். அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதை அவரிடம் சொல்லிவிடுவதுதானே முறை?

“என்னையா? இன்னான்னு எழுதிக்கினு இருக்கே?”

“முடிக்கலக்கா. விதைக்குக் கொஞ்சம் விடுவீங்களா, மாட்டீங்களான்னு தெரியாம நிக்குது.”

கொத்தின் மேல் அவர் விரல்கள் நின்றன. கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது. ஜன்னலில் ஜீவிதா இருந்தாளா, தெரியவில்லை.

“தோ, மைல்கல்லு பக்கம் இருக்கறதைத் தொட மாட்டேன். விதைக்கே இருக்கட்டும்.” கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். “நீ உன் கதையில எம் பொண்ணுக்கு சுகப்பிரசவம்னு எழுதிடும்மா. எழுதுவியா?”