கை தூக்கினவன்

முகத்துவாரக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவனுக்குத்தான் பங்கு. போகாதவனின் அப்பன் எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்திருந்தாலும் சரி, அவன் கரையில் நின்று மற்றவர்கள் மனமிரங்கிப் போடுகிற மீனை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிக் கூடையோடு நின்றவர்களில் அப்பாவுவும் ஒருவன். நிற்பது என்று சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான். அவனுக்கு வலது கால் முழங்காலோடு முடிந்துவிட்டது.

யுத்த காலத்தில் நாலு காசுக்கு ஆசைப்பட்டுத் துறைமுகத்துச் சரக்குத் தோணியில் வேலைக்குப் போனான். கப்பலிலிருந்து அறுந்துவந்த இரும்புக் கயிறு காலை நசுக்கி அவனைக் கடலில் தூக்கி எறிந்தது. மூழ்கிக்கொண்டே ஒரு கையை மட்டும் மேலே தூக்கினான். முன்பின் தெரியாத ஒரு காசிமேட்டுக்காரன், மீன் நிறைந்திருந்த வலையை அப்படியே அறுத்து விட்டுவிட்டுக் கட்டுமரத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். கரையோரக் குப்பங்களில் எழுதாத சட்டம் அது. தண்ணீரில் கை தூக்கினவனைக் கண்டால் பாயை இறக்கு, வலையை விடு, போய்த் தூக்கு. மீறிப் போனவனை எந்தக் கட்டுமரத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

உயிர் மிஞ்சியது. ஆனால் கட்டுமரத்தை அலையில் தள்ளி ஏற்ற இரண்டு கால் வேண்டும். பழைய கூட்டாளிகளிடம் போய்க் கேட்டுப் பார்த்தான்.

"உன்ன ஏத்திகினு போனா உன்னப் பாக்கறதா, வலையப் பாக்கறதா, நீயே சொல்லு நைனா" என்றான் ஒருவன். அவன் சொன்னது நியாயம்தான் என்பதால் அப்பாவுவால் கோபப்படக்கூட முடியவில்லை.

வெள்ளைக்கார ஆட்சி போய்ச் சில வருஷங்கள் ஆகியும் ஊருக்குப் போக மனமில்லாமல் தங்கியிருந்த ஒரு துரை, எண்ணூர்க் கழியோரம் ஒரு கொட்டகை போட்டு, 'அங்கஹீனர் பாய்ப்படகு கிளப்' என்று பலகை மாட்டினார். யுத்தத்தில் கால் போய் அவரும் மரக்கால் வைத்திருந்தார். குப்பத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். நொண்டிக் கிளப்பு என்று பேரும் வைத்தார்கள். அப்பாவு சிரிக்கவில்லை. படகில் உட்கார்ந்துகொண்டே சுக்கான் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டதுமே கோலை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போகும்போது கோதண்டத்தையும் கூட்டிப் போனான். கோதண்டம் திருவொற்றியூர்க்காரன். ஆலை யந்திரத்துக்கு இடது கையைக் கொடுத்தவன். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கோதண்டம் நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருவான். அப்பாவு அவனுக்கு வேட்டி கட்டிவிடுவான். ஒரே பீடியை மாற்றி மாற்றிப் பிடித்து வளர்ந்த சிநேகம் அது.

கிளப்பில் மூன்று படகுகள். படகுக்கு இரண்டு பேர். அப்பாவுவுக்கு ஜோடியாக வாய்த்தவன் வண்ணாரப்பேட்டைக் கமாலுதீன். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவன். கோணி தைத்துத் தைத்துத் தோள் மட்டும் உரலைப் போல இருக்கும். அவன் பாய்க்கயிற்றைப் பிடித்தால் காற்றே கெஞ்ச வேண்டும்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே காலு மாமு. ஆனா எந்த ரெண்டு கால்காரன் நம்மளப் புடிப்பான், சொல்லு பாப்போம்" என்பான். அந்தக் கோடை முழுக்க யாரும் அவர்களைப் பிடிக்கவில்லை.

கோதண்டத்துக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். அப்பாவுதான் அவனை இடுப்பில் கயிறு கட்டி மிதக்கப் பழக்கினான். ஒரு நாள் கழியின் நடுவில் பழைய வலைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன கம்புகள் பக்கமாகப் படகை விட்டு, கையிலிருந்த மூங்கிலை இறக்கிக் காட்டினான்.

"இத்தப் பாத்துக்கோ. தண்ணி வத்துற நேரத்துல இங்க இடுப்பளவுதான். அடியில மணல் திட்டு. எங்கனா நீ கவுந்தேன்னு வெச்சிக்கோ, இப்பிடிக்கா அடிச்சிகினு வந்துடு. காலு ஊணிக்கும்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா இது?"

"குப்பத்தாளுங்களுக்குத் தெரியும். கிளப்புல உனக்குத்தான் சொன்னேன். வேற எவனுக்கு நான் சொல்லப் போறேன்?"

மழைக்காலத்தில் வெள்ளம் வந்து படகுகளைக் கொட்டகையில் ஏற்றினார்கள். தீபாவளி கழிந்ததும் துரை சீமைக்குக் கிளம்பினார். கிளம்புமுன் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு வாக்குக் கொடுத்தார். கிளப்புக்கு ஒரு வருஷம் நிறைகிற மாசி மாதத்தில் போட்டி. ஜெயிக்கிற ஜோடிக்கு அவர்கள் ஓட்டுகிற படகே சொந்தம். துரை இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் காரியதரிசி தாமோதரன். தங்க பிரேம் கண்ணாடி போட்ட பெரிய மனிதர். தன் வாயாலேயே சொன்னார்.

அப்பாவு அன்றைக்கே குப்பத்துத் தலைவரான பெரிய தனக்காரரிடம் ஓடினான். "படகு இருந்தா பங்கு உண்டா நைனா?"

"படகு வெச்சிகினு கடலுக்குப் போனா உண்டு. காலு எத்தினின்னு எவன் எண்ணப் போறான்?" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவன் பெண்சாதி அங்கம்மா திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் விற்று மிஞ்சினதில் நூல் வாங்கி வந்தாள். அப்பாவு இராப்பகலாக வலை பின்னினான். கமாலுதீனும் அவனுமாக முகத்துவாரத்தைத் தாண்டிப் போவது, திரும்பி வந்ததும் கூடை ஏந்தாமல் கூடையை நிரப்புவது, எல்லாம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிச்சை மீனின் ருசி அறிந்தவனுக்குத்தான் பங்கு மீனின் அருமை தெரியும்.

தாமோதரனுக்கோ நல்ல பர்மாத் தேக்குப் படகு ஒன்று மீன் நாற்றத்துக்குப் போவதில் இஷ்டமில்லை. அவருடைய அக்காள் மகன் ஒருவன், ஒரு கால் குட்டையானவன், மூன்றாவது படகை ஓட்டினான். சாது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவு இருக்கும்வரை அவன் ஜெயிக்க முடியாது என்பது கிளப்பில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

போட்டி நெருங்க நெருங்கக் கோதண்டம் ஒரு மாதிரியாக இருந்தான். பீடியை நீட்டினால் வேண்டாம் என்றான். பேசினால் வேறு பக்கம் பார்த்தான். அவன் ஜோடிக்கு வேறு காய்ச்சல் என்று சொல்லி, போட்டியன்று அவனைத் தனியாகவே ஓட்டச் சொல்லியிருந்தார் தாமோதரன். பயந்திருக்கிறான், பாவம் என்று நினைத்தான் அப்பாவு.

"இன்னாடா மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? ஒத்தக் கையால ஓட்டணுமேன்னு பேஜாரா? எதுனா ஆச்சின்னா கைய தூக்கு. நான் வந்துருவேன்."

"ரேஸ வுட்டுட்டா?"

"ரேஸாவது கீஸாவது. கைய தூக்குனவன வுட்டுட்டுப் போனா நான் மனுசனா?"

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டான். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டான் இந்தப் பைத்தியக்காரன்.

போட்டியன்று கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் நாற்காலியில் அமர்ந்து சோடா குடித்தார்கள். ஆபத்துக்கு உதவவென்று துடுப்புக்காரர்களோடு ஒரு காவல் தோணி பந்தலோரம் கட்டியிருந்தது. அங்கம்மாவும் குப்பத்துப் பெண்களும் தள்ளி வெயிலில் நின்றார்கள். முகத்துவாரத்தருகே மிதக்கவிட்ட பீப்பாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

அப்பாவுவின் படகு முதலில் பீப்பாயைச் சுற்றியது. காரியதரிசியின் மருமகன் நன்றாகப் பின்னால் இருந்தான். கடலிலிருந்து வீசின கொண்டல் காற்று முதுகில் ஏறித் தள்ள, கமாலுதீன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரித்தான். கரையில் அங்கம்மா கத்துவது அப்பாவுவின் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

அப்போதுதான் இடதுபக்கம் தூரத்தில் கோதண்டத்தின் படகு கவிழ்ந்து கிடப்பதைக் கண்டான். பக்கத்தில் ஒரு தலை. தலைக்கு மேலே ஒற்றைக் கை.

அவன் வாயைத் திறக்குமுன் கமாலுதீன் பாயை இறக்கிவிட்டான். "யா அல்லா! நம்ம கோதண்டம் மாமு! திருப்பு, திருப்பு!"

அப்பாவு சுக்கானை ஒடித்துத் திருப்பினான். இரண்டு பேரும் துடுப்பை எடுத்து மூச்சு முட்டப் போட்டார்கள். காரியதரிசியின் மருமகன் அவர்களைத் தாண்டிப் போனான். போகும்போது பயந்த முகத்தோடு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்பாவு அவனைப் பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் கையைத்தான் பார்த்தான். ஒரு காலத்தில் துறைமுகத்தில் தூக்கின தன் கையைப் போலவே இருந்தது.

"வந்துட்டேன்டா! மூச்ச வுட்றாத!"

கிட்டே வந்ததும் படகை நிறுத்த மூங்கிலை இறக்கினான். அது பாதிகூட இறங்காமல் 'தொப்'பென்று மணலில் குத்தி நின்றது.

அப்பாவு நிமிர்ந்து பார்த்தான். பக்கத்திலேயே அந்தப் பழைய கம்புகள். தண்ணீர் வற்றுகிற நேரம். கோதண்டத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தூக்கின கை இன்னும் தூக்கினபடியே இருந்தது. பந்தலோரத்துக் காவல் தோணி கட்டின கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

"எந்திரி கோதண்டம்" என்றான் அப்பாவு.

கோதண்டம் எழவில்லை.

"எந்திரிடா. இடுப்பளவுதான். நான்தானே காட்டிக் குடுத்தேன். ரெண்டு காலு கீதே உனுக்கு, எந்திரிச்சி நில்லு."

கோதண்டம் மணலில் மண்டியிட்டபடியே இருந்தான். எழுந்தால் இடுப்புக்கு மேலே முழு உடம்பும் ஊர் பார்க்கத் தெரியும். "கிளப்புக் கொட்டாயில வாச்மேன் வேல தரேன்னாரு காரியதரிசி, அப்பாவு. ஒத்தக் கைக்கு எவன் வேல குடுக்கறான்? வூட்ல அடுப்பெரிஞ்சி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

"கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேனேடா, பாவி!"

அது பொய். கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருக்க மாட்டான், சண்டை போட்டிருப்பான். ஆனால் சண்டைக்குப் பிறகும் சிநேகிதனாக இருந்திருப்பான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அந்தப் பொய்யைச் சொன்னான். கரையில் பந்தலில் கைதட்டல் கேட்டது.

கமாலுதீன் துடுப்பை ஓங்கினான். அப்பாவு அதைப் பிடித்துத் தடுத்து, குனிந்து கோதண்டத்தின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படகில் போட்டான். கை தூக்கினவனைத் தூக்காமல் வர அவனுக்குத் தெரியாது.

தாமோதரன் ஒலிபெருக்கியில் அப்பாவுவின் தியாகத்தை வானளாவப் புகழ்ந்தார். பிறகு கிட்டே வந்து அவன் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போட்டார்.

"தண்ணி இடுப்பளவு சார்" என்றான் அப்பாவு, அவர் கண்ணாடியைப் பார்த்து.

"அப்படியா? பதட்டத்துல அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டு, கைதட்டிக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

குப்பத்தில் அவனை நம்பாதவர்கள் இல்லை. நம்பி என்ன பிரயோஜனம்? வாக்குக் கொடுத்த துரை சீமையில் இருந்தார். கிளப்பில் அடுத்த மாதமே பலகையை மாற்றி, கைகால் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கமாலுதீன் கோணி தைக்கத் திரும்பிப் போனான். அங்கம்மா புது வலையைச் சுருட்டிக் கூரையில் செருகினாள். சரிகைத் துண்டை அவள் மீன் கூடையில் போட்டு மூடிக்கொண்டு போனதைப் பார்த்து அப்பாவுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சித்திரையில் ஒரு நாள். அப்பாவு கழியோரம் உட்கார்ந்து யாருடைய வலையையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சின்னத் தெப்பம் கிடந்தது. அக்கரையில் மட்டி பொறுக்குகிற ஒருவன் தண்ணீரில் விழுந்து கையைத் தூக்கினான்.

அப்பாவு பார்த்தான். தெப்பத்தில் கை வைத்தான். தள்ளவில்லை. அவன் கண் முதலில் அந்தப் பழைய கம்புகளைத் தேடியது. மட்டிக்காரன் விழுந்த இடம் எவ்வளவு தூரம், அங்கே ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போட்டது. போட்டு முடிப்பதற்குள் குப்பத்துப் பையன்கள் நாலு பேர் பாய்ந்து நீந்திப் போய் அவனை இழுத்து வந்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். அப்பாவுவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒற்றைக் காலனை யார் கேட்பார்கள்?

அவன் கோலை எடுத்து ஊன்றிக்கொண்டு கிளப்புக்கு நடந்தான். வாசலில் காக்கிச் சட்டையோடு கோதண்டம் நின்றிருந்தான். ஒரு கை சட்டை ஊசியால் மடித்துக் குத்தியிருந்தது. அப்பாவுவைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது.

"அடிக்கணும்னா அடிச்சிடு நைனா" என்றான்.

"படகு போனாப் போவுதுடா" என்றான் அப்பாவு. "இன்னிக்கி ஒருத்தன் கைய தூக்குனான். நான் தண்ணி ஆயம் பாத்துகினு குந்தியிருந்தேன்."