ஆலடிவளவுக் கிணற்றுப் பங்கு

எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் மாக்கிறேற் குடத்தோடு போனபோது வழி இல்லை. முதல்நாள் வரை சின்னப் படலை இருந்த இடத்தில் புது வேலிக் கதியால் நட்டு, தென்னோலைக் கிடுகு வரிந்து, மேலே முட்கம்பியும் இழுத்திருந்தார்கள். அந்தப் படலையால்தான் அவளுடைய தாய் றோசம்மாவும் அவளுக்கு முந்தியவர்களும் ஆழ்வாப்பிள்ளையின் ஆலடிவளவுக்குள் போய் நல்ல தண்ணீர் அள்ளினார்கள். யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான கரம்பொன்னில் அவர்களுடைய கடலோரத்து வளவுகளில் எங்கே தோண்டினாலும் உவர்தான். அந்தத் தண்ணீரில் துணி தோய்க்கலாம், குளிக்கலாம், குடிக்க ஏலாது.

வேலிக்கு அங்காலே ஆழ்வாப்பிள்ளையின் மகள் கமலாதேவி ஈரத் துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கலியாணம் முடித்து மூன்று வருஷமாக அந்த வளவு அவளுக்குச் சீதனம்.

“இனி இதாலை வரேலாது. வேறை எங்கையும் அள்ளுங்கோ” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

“ஏன் பிள்ளை? இது எங்களுக்கும் பங்குள்ள கிணறெல்லே?”

“ஆர் சொன்னது பங்கெண்டு?”

மாக்கிறேற்றுக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அன்றைக்கு அவள் அந்தப் பெயரைக் காப்பாற்றினாள். அவளுடைய பேரன், தாயின் தகப்பன் சந்தியாம்பிள்ளை, அந்த வளவை ஆழ்வாப்பிள்ளையின் தகப்பனுக்கு விற்றபோது கிணற்றில் தண்ணீர்ப் பங்கை வைத்துக்கொண்டுதான் விற்றவர் என்று, ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். விறாந்தையில் கதிரையில் இருந்த ஆழ்வாப்பிள்ளை எழும்பி வேலியடிக்கு வந்தார்.

“பிள்ளை, சத்தம் போடாதையும். பங்கிருக்கோ இல்லையோ எண்டு காணி பதியிற கந்தோரிலை போய்ப் பாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

உனக்கெல்லாம் கந்தோர் தெரியுமா என்று கேட்டதாகவே அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு குடிதண்ணீருக்கு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் நடக்கவேண்டி வந்தது. விடிய ஒரு நடை, பொழுதுபட ஒரு நடை. போகும் வழியெல்லாம் ஆழ்வாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டு போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் மாதா கோவில் வாசலில் நின்ற நேரம் அவர் சைக்கிளில் வந்தார். “தண்ணிக் கள்ளன் போறார், வழிவிடுங்கோ” என்று உரக்கச் சொன்னாள். சனம் சிரித்தது. ஆழ்வாப்பிள்ளை காலை ஊன்றி நின்று அவளை ஒருதரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டார். குற்றமுள்ளவனுக்கு வாய் எழும்பாது என்று அவள் நினைத்தாள்.

வீட்டில் அவளுக்குத் துணை இல்லை. புருஷன் சவிரிமுத்து வலை பொத்திக்கொண்டிருந்தவாறே, “விடப்பா. அவங்களோடை கொழுவி நாங்கள் என்னத்தைக் காணப்போறம்?” என்பான். றோசம்மா அதையும் சொல்லமாட்டாள். செபமாலையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுவாள்.

கிராமசேவகரிடம் முறையிடப் போனபோது, அவர் காணிப் பத்திரமான உறுதியைக் கேட்டார். மாக்கிறேற் தன்னுடைய சீதன உறுதியைக் கொண்டுபோய்க் காட்டினாள். எழுபத்து நாலில் தாய் எழுதிக் கொடுத்தது. அதில் வீடும் வளவும் பனையும் இருந்தன, கிணற்றுப் பங்கு இல்லை.

“இதிலை இல்லாட்டில் பங்கு இன்னும் கொம்மாவின்ரை பெயரிலைதான் இருக்கவேணும். கொம்மாவின்ரை உறுதியைக் கொண்டுவாரும்” என்றார் அவர்.

றோசம்மாவைக் கேட்டால், “அது கறையான் அரிச்சுப்போச்சுப் பிள்ளை” என்றாள்.

“எப்ப?”

“எப்பவோ. விடன் மாக்கிறேற். எனக்கு அந்தத் தண்ணி வேண்டாம்.”

உறுதியைப் பத்திரப்படுத்தாமல் விட்ட கவலையில் மனுசி குமைகிறாள் என்று மாக்கிறேற் இரங்கினாள். தாய்க்காகவாவது அந்தப் பங்கை மீட்டே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள்.

ஆனி மாதம் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினாள். பண்ணைச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்து, மறுபடி ஏற்ற ஒரு மணித்தியாலம் போனது. காணிக் கந்தோரில் அவளுக்கு முன்னால் முப்பது பேராவது நின்றார்கள். சண்டையில் வீட்டோடு உறுதியும் எரிந்துபோனவர்கள், பிரதி எடுக்க வந்தவர்கள். காணியின் பெயர், ஊர், எல்லைகள் எல்லாம் எழுதி, முத்திரை ஒட்டிக் கொடுத்தாள். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த கிழமை ஊரடங்கு. அதற்கடுத்த கிழமை போனபோது அரியநாயகம் என்ற கிளாக்கர் அவளை உள்ளே கூப்பிட்டு வாங்கில் இருத்தினார். கண்ணாடியை நூலால் கட்டியிருந்த, களைத்த முகமுள்ள மனுசன். இரண்டு கையாலும் தூக்கவேண்டிய ஒரு இடாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பக்கம் புரட்டினார்.

“ஆலடிவளவு, கரம்பொன். இந்தா இருக்கு அக்கா. முப்பத்தோராம் ஆண்டு, சந்தியாம்பிள்ளை விற்ற அறுதி உறுதி. கிணற்றிலை தண்ணீர்ப் பங்கும் வழியும் தனக்கு வைச்சிருக்கிறார்.”

“நான் சொன்னனானெல்லோ!” என்று மாக்கிறேற் அந்த இடத்திலேயே எழும்பிவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருங்கோ. ஐம்பதாம் ஆண்டு. அந்தப் பங்கு மகள் றோசம்மாவுக்குச் சீதனம்.”

“அது என்ரை அம்மா.”

அரியநாயகம் விரலை இன்னும் ஒரு வரி கீழே இறக்கினார். அந்த வரியை முதலில் தனக்குள் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “கொம்மா இருக்கிறாவோ?” என்று கேட்டார்.

“ஓம். ஏன்?”

“எண்பத்தைஞ்சு ஆனியிலை அவ இந்தப் பங்கை விட்டுக் குடுத்திருக்கிறா. ஆழ்வாப்பிள்ளை எண்டவருக்கு.”

அது பிழையாக இருக்கும், வேறு றோசம்மாவாக இருக்கும் என்று அவள் வாதாடினாள். அரியநாயகம் கோபிக்கவில்லை. உள்ளே போய் அந்த உறுதியின் இரண்டாம் பிரதியையே தேடி எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். எட்டாம் வகுப்புப் படித்தவள், எழுத்துக் கூட்டத் தேவையில்லை. ‘மேற்படி கிணற்றில் எனக்குள்ள தண்ணீர்ப் பங்கையும் வழி உரித்தையும் இன்று முதல் முற்றாக விட்டுக் கொடுத்து’ என்று இருந்தது. கீழே தாயின் பெருவிரல் அடையாளம், அதற்குப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். முதலாவது ஆரென்று தெரியாத ஒருவர். இரண்டாவது, வளைத்து வளைத்து, கடைசி எழுத்துக்குக் கீழே கோடிழுத்த கையெழுத்து. கலியாணப் பதிவில் அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே கையெழுத்து. சவிரிமுத்து.

“பிரதி எடுக்கப் போறியளோ அக்கா?” என்று அரியநாயகம் மெதுவாகக் கேட்டார்.

“ஓம். எடுத்துத் தாங்கோ” என்றாள்.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம். றோசம்மா குசினியில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். மாக்கிறேற் பிரதியைத் தாய்க்கு முன்னால் பலகையில் வைத்தாள். தாய்க்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பார்த்த உடனே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

“மரியநாயகத்துக்காகத்தான்” என்றாள்.

மரியநாயகம் அவளுடைய கடைசிப் பிள்ளை, மாக்கிறேற்றின் தம்பி. எண்பத்தைந்தில், இயக்கத்துப் பொடியன் என்ற சந்தேகத்தில், அவனைத் தேடி நேவிக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்துபோனார்கள். அந்த நேரத்தில் ஆழ்வாப்பிள்ளையின் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை பகுதி, வில்லங்கம் இல்லாத காணிதான் வேண்டும், மற்றவர்கள் வந்து தண்ணீர் அள்ளுகிற வளவு வேண்டாம் என்று நின்றது. ஆழ்வாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒருவனைத் தெரியும். அவர் மரியநாயகத்தை ஜேர்மனிக்கு ஏற்றிவிட்டார். அதற்குப் பதிலாக றோசம்மா கிணற்றுப் பங்கை விட்டுக் கொடுத்தாள்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே? நான் நாலு மாசமாய் நாய் மாதிரிக் குலைச்சுக்கொண்டு திரிஞ்சனான். கோவில் வாசலிலை அந்த மனுசனைக் கள்ளன் எண்டனான். நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?”

“சொன்னால் நீ விட்டிருப்பியோ?”

“விட்டிருப்பன்!”

“நீ விட்டிருக்கமாட்டாய்” என்றாள் றோசம்மா. முதல் தடவையாக அவள் குரலும் ஏறியது. “தம்பியாலைதான் உன்ரை மனுசனை நேவி பிடிச்சு அடிச்சதெண்டு நீ அவனோடை கதை பேச்சை விட்டனீ. அவன் செத்தாலும் வரமாட்டன் எண்டனீ. அதுக்குப் பிறகு உன்னட்டை வந்து கேக்கச் சொல்லுறியோ?”

மாக்கிறேற் பிரதியை எடுத்து மடித்தாள். அப்படிச் சொன்னது உண்மை. கேட்டிருந்தால் விட்டிருப்பாளோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். விட்டிருக்கமாட்டாள் என்றுதான் பட்டது. அது தாயின் மீதிருந்த ஆத்திரத்தை இன்னும் கூட்டியதே ஒழியக் குறைக்கவில்லை.

அடுத்தநாள் ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அவர் விறாந்தையில் தனியாக இருந்தார்.

“கந்தோருக்குப் போனனான் ஐயா” என்றாள்.

“ம்.”

“நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்.”

“கொம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டவ, மகளுக்குச் சொல்லாதேங்கோ எண்டு. அவ இருக்குமட்டும் தண்ணி அள்ளலாமெண்டு நானும் சொன்னனான். மூண்டு வருஷம் மகளைச் சமாளிச்சுப் பாத்தன். இப்ப வளவு என்ரை பெயரிலை இல்லைப் பிள்ளை. என்ரை சொல்லு இஞ்சை எடுபடாது.” அவர் அவளைப் பார்க்கவில்லை. “கோவிலடியிலை எல்லாரும் சிரிச்சவை. அதை நான் மறக்கேல்லை.”

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தவள். அதற்குள் கமலாதேவி உள்ளேயிருந்து, “ஆரப்பா அது? அந்தத் தண்ணிக்கார மனுசியோ? குடிக்கிறதுக்கெண்டால் ஒரு குடம் நானே அள்ளிக் குடுக்கிறன், வளவுக்கை இறங்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றாள். மாக்கிறேற் திரும்பி நடந்தாள்.

சவிரிமுத்து கடலால் வந்து, பிரதியைக் கண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “மாமி சத்தியம் வாங்கிப்போட்டா. நான் என்ன செய்ய?” என்றான். அடி வாங்கியவன் அவன். தனக்கு அடி வாங்கித் தந்தவனைக் காப்பாற்ற அவனே கையெழுத்து வைத்திருக்கிறான் என்பதை நினைக்க, அவன்மீது மட்டும் அவளுக்கு மனம் இளகியது. எல்லாம் தாயின் வேலை என்று எடுத்துக்கொண்டு, தாயோடு கதையை விட்டாள். சோறு போட்டுக் கொடுப்பாள், பேசமாட்டாள். ஆடி போய், ஆவணியும் புரட்டாதியும் போயின.

மரியநாயகத்தின் விலாசம் தாயின் றங்குப்பெட்டியில் இருந்தது. ஐப்பசியில், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக அவனுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினாள். உனக்காக அம்மா கிணற்றை எழுதிக் கொடுத்தது உனக்குத் தெரியுமா, எனக்கு ஒளித்து என்னை ஊருக்கு முன்னால் கோமாளியாக்கியது உனக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

பதில் மார்கழியில் வந்தது.

‘அன்புள்ள அக்கா, எனக்கு எல்லாம் தெரியும். அம்மாவை ஏசாதையுங்கோ. அவ உங்களைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று அழுதவ. அத்தான்தான் மறித்தவர். அவளுக்குச் சொன்னால் விடமாட்டாள், பொடியன் சாவான், ஒருதருக்கும் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினவர் அவர்தான். ஆழ்வாப்பிள்ளை ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அத்தான் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு உயிரோடு இல்லை.’

மாக்கிறேற் அதை இரண்டு தரம் வாசித்தாள். றோசம்மா வாசலில் இருந்தாள். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். மருமகன்தான் சத்தியம் வாங்கினான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், இத்தனை மாதம் மகள் முகம் பார்க்காமல் இருந்திருக்கவேண்டியதில்லை. மகளுடைய வீட்டுக்குள் சண்டை வரக்கூடாதென்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“தம்பி என்ன எழுதியிருக்கிறான்?” என்று றோசம்மா கேட்டாள்.

“சுகமாய் இருக்கிறானாம்” என்றாள் மாக்கிறேற். ஐந்து மாதத்துக்குப் பிறகு தாயோடு பேசிய முதல் வார்த்தை அது. மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆட்கள், ஆழ்வாப்பிள்ளையும் தாயுமாய், இரண்டாகிவிட்டார்கள். இரண்டு பேரிடமும் கேட்க அவளால் முடியவில்லை.

சவிரிமுத்து உள்ளே வந்து, கடிதத்தைக் கண்டு, “என்னவாம்?” என்றான். அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். குடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு கட்டை தூரம் நடக்க வெளியே இறங்கினாள்.